மீன்கொத்திகளுக்காக ஒரு கேஸ்

1

நெல்லியடியிலிருந்து மைத்துனர் போன ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்தார். வழக்கமாக மழை, விலைவாசி, யாருக்குக் கலியாணம் என்ற ஒழுங்கில் போகும் பேச்சு இந்த முறை நேரே என்னிடம் வந்து நின்றது.

“அத்தான், நீங்கள் லண்டனில மோட்டச்சைக்கிள் ரேஸ் ரீம் ஒண்டு நடத்துறியளாம். உண்மையோ?”

“ஆர் சொன்னது?”

“கனடாவில இருந்து சித்தி சொன்னவ. அவவுக்கு ஜேர்மனியில ஆரோ சொன்னதாம். இஞ்ச சங்கக்கடையடியில எல்லாருக்கும் தெரியும். நீங்களும் ஓடுறனீங்களோ?”

நான் வாயைத் திறப்பதற்குள், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் மனைவி வசந்தி போனை வாங்கிவிட்டாள். “ஓமடா தம்பி. எஸ்கலேற்றரில கால் வைக்கவே ரெண்டு தரம் யோசிக்கிற மனுசன், ரேஸ் ஓடுறார்” என்றாள். பிறகு இருவரும் அரைமணி நேரம் சிரித்தார்கள். அது சர்வதேச அழைப்பு என்பதை நான் நினைவூட்டவில்லை.

கதை இன்னும் இரண்டு நாடுகளைச் சுற்றி வந்தால் நான் கிண்ணம் வென்றதாகவும் சொல்வார்கள். ஆகவே நடந்ததை நானே எழுதிவிடுவது நல்லது. நாலு பேருக்கு நடுவில் பேசச் சொன்னால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். எழுதும்போது அந்தக் கஷ்டம் இல்லை. படிப்பு என்று பார்த்தால் பத்தாம் வகுப்பு ஓ.எல். சோதனை வரைதான். எங்கள் காலத்தில் சரித்திரத்தைச் சமூகக்கல்வி என்ற பெயரில் படிப்பித்தார்கள். அதில் எனக்கு F. அப்படிப்பட்டவன் எழுதும் சரித்திரம் இது என்பதை வாசிப்பவர்கள் முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

2

வால்தம்ஸ்டோவில் ஒரு பெற்றோல் ஸ்ரேசனில் எனக்குப் பகல் ஷிப்ட். காலை ஏழரைக்கு ரெஜ் என்ற வயதானவர் வருவார். அவரிடம் கார் இல்லை. ஒரு பேப்பர், ஒரு சிறிய போத்தல் பால், அவ்வளவுதான். முதல் இரண்டு வருடமும் எங்களுக்குள் நடந்த உரையாடலை முழுமையாகத் தருகிறேன். அவர் “குளிர்” என்பார். நான் “ஓம், குளிர்” என்பேன். கோடைகாலத்தில் “இண்டைக்கு அவ்வளவு குளிரில்லை” என்பார். நான் அதற்கும் “ஓம்” என்பேன். இரண்டு பேருக்கும் அது திருப்தியாக இருந்தது.

ஒருநாள் பீட்சாக் கடை ஸ்கூட்டர் ஒன்று எங்கள் வாசலில் நின்றுவிட்டது. நான் வெளியே போய் பிளக்கைக் கழற்றித் துடைத்து, மீண்டும் பூட்டி, ஒரு உதையில் கிளப்பிவிட்டேன். பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு ரெஜ் பார்த்துக்கொண்டு நின்றார்.

“எங்க பழகினனி?”

யாழ்ப்பாணத்தில் ஒரு கராஜில் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஏனோ அன்று வாய் திறந்துகொண்டது. பொருளாதாரத் தடை வந்த பிறகு பெற்றோல் கண்ணில் படாது, படித்த டொக்டர்மாரும் மண்ணெண்ணெயில்தான் மோட்டார் சைக்கிள் ஓடினார்கள், முதலில் கிளப்புவதற்கு மட்டும் சேலைன் குழாயால் நாலு துளி பெற்றோல் விடுவோம், பிறகு ரோட்டு முழுக்க வெள்ளைப் புகை என்று சொன்னேன். ரெஜ் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு வெள்ளைக்காரர் காரணமில்லாமல் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

“நாங்கள் எங்கட மோட்டச்சைக்கிளுக்கு ஆமணக்கெண்ணெய் விட்டனாங்கள்” என்றார்.

ரெஜ் பேசுவது கிழக்கு லண்டன் இங்கிலிஷ். ரேடியோவில் கேட்கிற இங்கிலிஷுக்கும் அதற்கும் உள்ள தூரம் கொழும்புத் தமிழுக்கும் பருத்தித்துறைத் தமிழுக்கும் உள்ள தூரம். ஆகவே அவர் பேச்சை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். அதுதான் அவருக்கும் நியாயம்.

அன்றிலிருந்து அவர் நிறுத்தவில்லை. அறுபதுகளின் தொடக்கம் வரைக்கும் எங்கள் பக்கத்தில் ‘மீன்கொத்திகள்’ என்றொரு அணி இருந்ததாம். ஸ்பீட்வே என்பது அந்த விளையாட்டு. முட்டை வடிவத்தில் ஒரு மண் தடம், நாலு பேர், நாலு சுற்று. அந்த மோட்டார் சைக்கிளுக்கு ஒரே ஒரு கியர். பிரேக் கிடையாது.

“பிரேக் உடைஞ்சு போச்சோ?” என்று கேட்டேன்.

“பூட்டுறதே இல்லை.”

“அப்ப எப்பிடி நிப்பாட்டுறது?”

“நிப்பாட்டுறவன் ஏன் அதில ஏறுறான்?”

வளைவில் பின்சில்லைச் சறுக்கவிட்டு, இரும்புத் தகடு அடித்த சப்பாத்தை மண்ணில் ஊன்றித் திரும்புவார்களாம். முன்வரிசையில் நின்றால் முகம் முழுக்கச் செம்மண். எரிந்த ஆமணக்கெண்ணெய் மணம் கோட்டிலிருந்து ஒரு கிழமைக்குப் போகாதாம். இதை வீட்டில் சொன்னபோது வசந்தி நம்பவில்லை. “பேதிக்குக் குடிக்கிற எண்ணெயையோ? அதுதான் அவ்வளவு வேகமாய் ஓடியிருக்கினம்” என்றாள்.

அணியின் முதலாளி ஒரு சலவைக்கடைக்காரர். அதனால் லண்டனிலேயே சுத்தமான அணி அவர்களுடையது, தோற்கும்போதும் சட்டை பளிச்சென்று இருக்கும் என்றார் ரெஜ். ஓட்டக்காரர்களில் ஒருவர் இறைச்சிக்கடைக்காரர், ஒருவர் பஸ் கண்டக்டர், ஒருவர் பகலில் சவக்காலையில் குழி வெட்டுபவர். குழி வெட்டுபவர் பின்னால் வந்தால் மற்றவர்கள் மரியாதையாக வழிவிடுவார்களாம். ரெஜ்ஜின் வேலை மோட்டார் சைக்கிள்களைப் பழுது பார்ப்பதும், விழுந்தவர்கள்மேல் அடுத்தவர் ஏற்றுவதற்குள் அவர்களைத் தடத்திலிருந்து இழுத்தெடுப்பதும்.

“கிண்ணம் கிடைச்சதோ?”

“கடைசிக்கு முதல் இடம் ரெண்டு தரம் வந்தனாங்கள்” என்றார். அதைச் சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

ஐந்தாறு சீசன்தான். பிறகு மைதானத்தை நாய் ஓட்டக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். பிறகு நாயும் போய், புல் முளைத்தது. இப்போது அங்கே அடுக்குமாடி வீடுகள் கட்டுகிறார்கள்.

3

லண்டனுக்கு ஒலிம்பிக் என்று அறிவித்ததற்கு அடுத்த வருடம் அது. கிழக்கு லண்டனில் எங்கே பார்த்தாலும் கட்டடம் கட்டும் பாரந்தூக்கிகள். கட்டுகிறவர்களுக்கு இடித்ததைப் பற்றி ஒரு பலகை வைப்பதில் விருப்பம் போலிருக்கிறது. அந்த அடுக்குமாடியின் வாசலில் ‘இந்த நிலத்தின் கதை’ என்று ஒரு பலகை வைக்கப் போவதாகக் கவுன்சில் அறிவித்தது. முதலில் மரக்கறித் தோட்டம், பிறகு கால்பந்து, பிறகு நாய் ஓட்டம். மீன்கொத்திகளைக் காணோம்.

ரெஜ் கவுன்சிலுக்குக் கடிதம் எழுதினார். மூன்று கிழமையில் பதில் வந்தது. அதைக் கொண்டுவந்து என் கவுண்டரில், சூயிங்கம் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். 

“வாசி, சான்.” என் பெயர் சந்திரன். முழுதாகச் சொன்னால் கடை பூட்டிவிடும் என்பதுபோல அவர் சான் என்றுதான் கூப்பிடுவார்.

‘அவ்வாறான அணி இயங்கியமைக்கான ஆதாரம் எதுவும் எமது பதிவுகளில் காணப்படவில்லை. உங்கள் கூற்றை உறுதிப்படுத்தும் சான்றுகள் இருப்பின் ஆறு வாரங்களுக்குள் சமர்ப்பிக்கவும்.’

“நான் பொய் சொல்லுறன் எண்டு எழுதியிருக்கிறாங்கள்” என்றார் ரெஜ். “என்ர வாழ்க்கையில நல்லாய் இருந்த அஞ்சு வருசம் அதுதான். அது நடக்கவே இல்லையாம்.”

அவரிடம் இருந்த படங்களும் புத்தகங்களும் கொட்டில் கூரை ஒழுகி எப்போதோ ஊறிப் போய்விட்டன. நூலகத்தில் திருத்த வேலை. பழைய உள்ளூர்ப் பத்திரிகைக் கட்டுகள் எந்தப் பெட்டிக்குள் இருக்கின்றன என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. என் மகள் ஆரணிக்குப் பதினாலு வயது. கொம்பியூட்டரில் தேடிப் பார்த்துவிட்டு, “அப்பா, பெரிய ரீம்ஸ் எல்லாம் இருக்கு. உங்கட ஃபிரெண்ட்ட ரீம் டஸின்ட் எக்ஸிஸ்ட்” என்றாள்.

அந்தக் கடிதத்தை நான் இரண்டாம் தரம் வாசிக்கவில்லை. எனக்கு அது மனப்பாடம். ஊரைவிட்டு வந்த வருடம் என் அகதி விண்ணப்பத்துக்கும் அப்படி ஒன்று வந்தது. நான் வேலை செய்த கராஜ் எரிந்த மாதத்தை எழுத்தில் ஓகஸ்ட் என்று கொடுத்திருந்தேன். நேர்முகத்தில் செப்டம்பர் என்று சொல்லிவிட்டேன். நல்லூர்த் தேர் முடிந்து எத்தனையாம் நாள் என்று கேட்டிருந்தால் சரியாகச் சொல்லியிருப்பேன். அவர்கள் அப்படிக் கேட்கவில்லை. ‘முரண்பாடு காணப்படுவதால் நம்பகத்தன்மை இல்லை’ என்று பதில் வந்தது. மேன்முறையீட்டில் வெல்லுவதற்கு நாலு வருடம் போனது.

“ரெஜ், யோசிக்காதையுங்கோ” என்றேன். “எங்களிட்டை இதுக்கு ஆள் இருக்கு.”

4

செவன் கிங்ஸில் இருக்கும் சிவபாதம் அண்ணை ஊரில் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்காக இருந்தவர். இங்கே ஒரு வழக்கறிஞரிடம் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்து, எங்கள் ஆட்களுக்கு அகதிக் கேஸ் எழுதிக் கொடுத்தவர். என்னுடைய மேன்முறையீட்டையும் அவர்தான் எழுதினார். இப்போது கேஸ்கள் குறைந்து, பெஞ்சனோடும் தொலைக்காட்சி நாடகங்களோடும் இருக்கிறார்.

போனில் விஷயத்தைத் தொடங்கினேன். “ஆர் பெடியன்? எப்ப வந்தவன்?” என்று கேட்டார்.

“பெடியன் இல்லை அண்ணை. எழுபத்தெட்டு வயது. இஞ்சயே பிறந்தவர். வெள்ளைக்காரன்.”

அவர் தொலைக்காட்சியை நிறுத்துவது கேட்டது.

“வெள்ளைக்காரனையும் றிஜெக்ற் பண்ணிப்போட்டாங்களோ?” என்றார். அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பல வருடமாகக் கேட்கவில்லை. “உடன கூட்டிக்கொண்டு வா.”

ரெஜ் கோட்டும் ரையும் கட்டிக்கொண்டு வந்தார். அண்ணை அவரைச் சமையலறை மேசையில் இருத்தி, தேத்தண்ணியும் வடையும் வைத்து, புதிய ஃபைல் ஒன்றைத் திறந்தார். முழுப்பெயர், பிறந்த திகதி, அணியில் சேர்ந்த திகதி, என்ன பொறுப்பு, மேலதிகாரி யார். ரெஜ் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு முழுக்கதை சொன்னார். அண்ணை அதில் ஒரு வரியை எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிட்டார்.

“தழும்பு ஏதும் இருக்கோ எண்டு கேள்” என்றார் என்னிடம் தமிழில்.

“அண்ணை, இது அந்தக் கேஸ் இல்லை.”

“நீ கேள். தழும்பு பொய் சொல்லாது.”

கேட்டேன். ரெஜ் தயங்காமல் காற்சட்டையைச் சுருட்டினார். கெண்டைக்காலில் ஒரு பழைய சூட்டுத் தழும்பு, சைலன்சர் குழாய் பட்டது. எனக்கும் அதே இடத்தில் அதே தழும்பு இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிளோடு மாரடித்த எவனுக்கும் இருக்கும். நானும் சுருட்டிக் காட்டினேன். அண்ணையின் மனைவி வடைத் தட்டை எடுக்க உள்ளே வந்தவ, இரண்டு கால்களையும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டா.

“இதுக்கு டொக்டரிட்டை ஒரு றிப்போட் எடுக்கலாம்” என்றார் அண்ணை. கஷ்டப்பட்டு மறித்தேன்.

சாட்சிக்கு இரண்டு பேரை ரெஜ் கண்டுபிடித்தார். ஒருவர் டோறீன், அந்த நாளில் மைதானத்தில் தேத்தண்ணி விற்றவ. மற்றவர் அல்ஃப், இரண்டு சீசன் ஓடியவர், இப்போது பார்க்கிங் என்ற பகுதியில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். காது மந்தம். சிக்கல் என்னவென்றால், அணி எந்த வருடம் மூடியது என்பதில் மூன்று பேரும் மூன்று வருடம் சொன்னார்கள். கடைசிப் போட்டியில் ஒரு புள்ளியால் வென்றோம் என்றார் ரெஜ். தோற்றோம், என் தோள்பட்டை எலும்பும் உடைந்தது என்றார் அல்ஃப். மழையால் போட்டியே நடக்கவில்லை என்றா டோறீன்.

அண்ணை பேனையை வைத்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

“உப்பிடிப் போனால் கேஸ் விழும். மூண்டு பேரும் ஒண்டைச் சொல்ல வேணும்.” பிறகு ஒவ்வொருவரையும் தனித்தனியே இருத்தி, எங்களுக்கெல்லாம் சொல்லித் தந்ததையே சொன்னார். “கேட்ட கேள்விக்கு மட்டும் மறுமொழி சொல்லுங்கோ. கூடக் கதைக்காதையுங்கோ. திகதி இதுதான்.” ரெஜ் சொன்ன வருடத்தையே மூன்று பேருக்கும் போட்டார்.

கடிதங்களையும் அவரே எழுதினார். ஆரணி இருபது நிமிடம் முறைப்பாடு சொல்லிக்கொண்டு ரைப் செய்து கொடுத்தாள். சாட்சிகள் கையெழுத்து வைத்தார்கள். வாசித்தார்களா என்று நாங்கள் கேட்கவில்லை.

5

கவுன்சிலில் எங்களைச் சந்தித்தது ஒரு இளம் பிள்ளை. மரியாதையான பிள்ளை. மூன்று கடிதங்களையும் மேசையில் வரிசையாகப் பரப்பி வைத்திருந்தா. மேசையின் ஒரு பக்கம் ரெஜ், டோறீன், சக்கர நாற்காலியில் அல்ஃப். கதவுக்குப் பக்கத்தில் நான். எனக்கு உள்ள தயக்கம் இல்லாத அண்ணை, ரெஜ்ஜுக்குப் பக்கத்தில் ஃபைலோடு.

“ஒரு சின்னக் கேள்வி” என்றா அந்தப் பிள்ளை. “மூன்று கடிதமும், ‘கனம் பொருந்திய ஐயா, தங்கள் மேலான கவனத்துக்குத் தாழ்மையுடன் சமர்ப்பிப்பது யாதெனில்’ எண்டு தொடங்குது. மூன்றும் ‘தங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியன்’ எண்டு முடியுது.”

டோறீன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் கடிதத்தை முதல் தடவையாக வாசித்தா.

“ஆர் இதை எழுதினது? நான் ஆருக்கும் கீழ்ப்படிவுள்ள ஊழியன் இல்லை. என்ர புருசனுக்கே நான் கீழ்ப்படியேல்லை.”

“கூடக் கதைக்காதையுங்கோ” என்றார் அண்ணை மெதுவாக.

அந்தப் பிள்ளையின் முகம் மாறிவிட்டது. அந்த முகமாற்றத்தை நான் முன்பு ஒருமுறை மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். “மூன்று கடிதத்திலயும் ஒரே சொல்லு, ஒரே திகதி, ஒரே விபரம். இதை ஆதாரமாய் எடுக்கிறது எனக்குக் கஷ்டம்” என்று சொல்லிக் கடிதங்களை அடுக்கத் தொடங்கினா. ரெஜ் என்னைத் திரும்பிப் பார்த்தார். முரண்பட்டதால் என் கேஸ் விழுந்தது, முரண்படாததால் இவர் கேஸ் விழப்போகிறது. இந்த நாட்டில் எதைத்தான் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நான் கதவின் பக்கம் பார்த்தேன்.

அப்போதுதான் டோறீன் தன் கடிதத்தின் இரண்டாவது பந்திக்கு வந்தா.

“என்ன இது? நாங்கள் வெண்டனாங்களாம்? ரெஜ், மழை பெய்தது!”

“தூறல்” என்றார் ரெஜ்.

“தூறலோ? என்ர தேத்தண்ணி வாளிக்குள்ள மழைத்தண்ணி நிண்டது!”

“என்ன சொல்லுறியள்?” என்று கத்தினார் அல்ஃப்.

“வெண்டதாம் எண்டு எழுதியிருக்கினம், அல்ஃப்!”

“வெண்டதோ? நான் ஆஸ்பத்திரியில கிடந்தனான்! ரெஜ்தான் என்னை இழுத்தவன். உடைஞ்ச தோளைப் பிடிச்சே இழுத்தவன், மடையன்!”

“எந்தத் தோள் உடைஞ்சது எண்டு ஆருக்குத் தெரியும்? நீ குப்புறக் கிடந்தனி!”

அந்தப் பிள்ளை அடுக்கிய கடிதங்களைத் திரும்பக் கீழே வைத்துவிட்டு, பேனையை எடுத்தா. அண்ணை கண்ணை மூடிக்கொண்டார், கேஸ் விழும் சத்தத்தைக் கேட்க விரும்பாதவர்போல. டோறீன் கைப்பையைத் திறந்து, பேர்ஸைத் திறந்து, பேர்ஸுக்குள் இருந்த இன்னொரு பேர்ஸையும் திறந்து, நாலாக மடித்த ஒரு துண்டை எடுத்து மேசையில் அடித்தா.

“இந்தா. மழைச் சீட்டு. ‘மழை காரணமாக நிறுத்தப்பட்டால் அடுத்த போட்டிக்கு இது செல்லும்.’ அடுத்த போட்டி வரவே இல்லை. எனக்கு இன்னும் ஒரு போட்டி பாக்கி இருக்கு!”

மஞ்சள் நிறக் கடதாசி. மேலே மைதானத்தின் பெயர், அதன் கீழே பெரிய எழுத்தில் மீன்கொத்திகள். வருடம் இல்லை.

“அது வேற போட்டி!” என்றார் அல்ஃப்.

அண்ணை தாங்க முடியாமல், “அம்மா, இதை ஏன் என்னட்டைக் காட்டேல்லை?” என்று கேட்டார்.

“நீர்தானே கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொல்லச் சொன்னனீர்.”

அந்தப் பிள்ளை அந்தச் சீட்டை இரண்டு விரலால் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தா. “இல்லாத அணிக்காக ஒருத்தரும் இப்பிடிச் சண்டை பிடிக்க மாட்டினம்” என்றா. பலகையில் ஒரு பந்தி போடலாம் என்றும், அதை எழுதி அனுப்புவதாகவும், மூன்று பேரும் சரிபார்த்துக் கையெழுத்து வைத்துத் திங்கட்கிழமைக்கு முன் தந்தால் அச்சுக்குப் போகும் என்றும் சொன்னா. தராவிட்டால் அந்தப் பந்தி இல்லாமல் போகும்.

வெளியே வந்ததும் அண்ணை என் காதில், “முரண்பட்டு வெண்ட கேஸ் எனக்கு இதுதான் முதல்” என்றார். அவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

6

சனிக்கிழமை பார்க்கிங்கிலுள்ள முதியோர் இல்லத்தில் கூடினோம். ஆரணியும் வந்தாள். என்மேல் உள்ள பாசத்தால் வந்தாள் என்று நினைக்க வேண்டாம். தமிழ் வகுப்பிலிருந்து தப்புவதற்கு அது ஒரு வழி.

கவுன்சில் அனுப்பிய பந்தி நல்ல பந்தி. ஒரே ஒரு இடத்தில் வெறுமையாகக் கோடு போட்டிருந்தது: அணி மூடிய வருடம்.

“என்ர கலியாணத்துக்கு முதல் வருசம்” என்றா டோறீன். “இல்லாட்டி பெடியள் எல்லாரும் வந்திருப்பாங்கள்.”

“அதுக்கு அடுத்த வருசம்” என்றார் அல்ஃப். “என்ர தோளைக் கேள்.”

ரெஜ் இருவரையும் விடப் பிடிவாதமாக இருந்தார். ஒரு மணி நேரம் போனது. டோறீன் தன் பேனையை மூடினா. அல்ஃப் நாற்காலியைத் தொலைக்காட்சிப் பக்கம் திருப்பினார். கடைசியில் ரெஜ் கடதாசியை என்னிடம் தள்ளிவிட்டார்.

“பிழையான வருசம் போடுறதெண்டால் போடாமலே விடட்டும். பந்தியே வேண்டாம். கொண்டுபோய்க் குடு, சான்.”

எனக்கு என்ன நடந்தது என்று இப்போதும் தெரியாது. எழுந்து நின்றுவிட்டேன்.

“உங்கள் மூண்டு பேருக்கும் விசரோ?” என்றேன். அல்ஃப்புக்குக்கூடக் கேட்டது. “ஒரு மாதம் மாறிச் சொன்னனான் நான். ஒரே ஒரு மாதம். அதுக்கு நாலு வருசம் போச்சு. வசந்தி அங்க, நான் இஞ்ச. இந்தப் பிள்ளையை நான் முதல் முதல் பார்க்கேக்க இவளுக்கு அஞ்சு வயது. என்னைக் கண்டு அழுதவள். உங்களை அவை நம்பிட்டினம்! மூண்டு வருசம் சொல்லியும் நம்பிட்டினம்! பிறகும் இருந்து வருசத்துக்குச் சண்டை பிடிக்கிறியள்.”

தொலைக்காட்சியில் யாரோ கைதட்டினார்கள். நான் உட்கார்ந்தேன்.  மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்தேன்.

 ரெஜ் கடதாசியைத் தன் பக்கம் இழுத்து, வருடம் கேட்டிருந்த அந்த வரியை முழுவதும் வெட்டி, கீழே கையெழுத்து வைத்தார். டோறீன் வைத்தா. அல்ஃப் வைத்தார். 

பஸ்ஸில் ஆரணி எனக்குப் பக்கத்தில் இருந்தாள். பொதுவாக இரண்டு சீற் தள்ளித்தான் இருப்பாள்.

“அப்பா, அம்மாவும் நானும் லேட்டா வந்தது அந்த டேட் மாறினதாலயா?”

“ஓம்.”

“நீங்க சொல்லவே இல்லை.”

“நீ கேக்கேல்லை” என்றேன். சொன்ன பிறகுதான் அது அண்ணைக்கு டோறீன் சொன்ன பதில்போல இருந்தது. “சொல்லியிருக்கலாம்” என்று சேர்த்துக்கொண்டேன்.

“சோ, எது சரி? ஓகஸ்டா, செப்டம்பரா?”

“தெரியாது பிள்ளை. இண்டைக்கும் தெரியாது. எரிஞ்சது தெரியும்.”

“தட்ஸ் நொட் ஃபெயர்” என்றாள். பிறகு வால்தம்ஸ்டோ வரும்வரைக்கும் போனைக் கையில் எடுக்கவில்லை. எங்கள் வீட்டுப் பிள்ளையைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று விளங்கும்.

7

பலகை வைத்த அன்று மழை. டோறீன் அதைப் பற்றி நாலு தரம் சொன்னா. பதினைந்து பேர் வந்திருப்பார்கள், அதில் ஆறு பேர் எங்கள் ஆட்கள். வசந்தி கட்லட் பொரித்துக் கொண்டுவந்திருந்தாள். அந்தக் கவுன்சில் பிள்ளை துணியை இழுத்ததும், கால்பந்துக்கும் நாய் ஓட்டத்துக்கும் நடுவில், ஒரு சிறிய நீலக் குருவிப் படத்தோடு மீன்கொத்திகள் இருந்தார்கள். சலவைக்கடை முதலாளி, இறைச்சிக்கடைக்காரர், கண்டக்டர், குழி வெட்டுபவர், எல்லோரும் ஒரு பந்திக்குள்.

ரெஜ்ஜைப் பேசச் சொன்னார்கள். என் கவுண்டரில் மூன்று வருடமாக நிறுத்தாமல் பேசியவர், வாயைத் திறந்து மூடிவிட்டு, கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். மழைதான் என்று எங்களுக்குச் சொன்னார். அல்ஃப் நாற்காலியிலிருந்து எட்டி அவர் தோளைத் தட்டினார்.

மறுநாள் காலை ஏழரைக்கு அவர் வரவில்லை. ஏழே முக்காலுக்கும் வரவில்லை. அவர் கேட்டது கிடைத்துவிட்டது, இனி என்னிடம் வந்து பேச அவருக்கு என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அப்படி நினைத்ததும் கடை வெறுமையாகத் தெரிந்தது. எட்டு மணிக்குக் கதவு திறந்தது. கோட்டு நனைந்திருந்தது. வரும் வழியில் பலகையைப் பார்க்கச் சுற்றிப் போயிருக்கிறார்.

பேப்பரையும் பாலையும் கவுண்டரில் வைத்தார்.

“சான், அந்தக் குருவியை வடிவாய்ப் பார்த்தனியோ?”

“பார்த்தனான். நல்லாய்த்தானே இருக்கு.”

“எங்கட குருவின்ர வாயில ஒரு மீன் இருந்தது.”

“மீன் இல்லாட்டி என்ன ரெஜ்?”

“மீன் இல்லாட்டி அது சும்மா குருவி.” சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “டோறீனுக்குப் போன் எடுத்தனான். மீன் இல்லையாம், புழுவாம். அவவுக்கு என்ன தெரியும்?”

“அல்ஃப் என்ன சொல்லுறார்?”

“அவனிட்டை இன்னும் கேக்கேல்லை. சனிக்கிழமை போவமோ?”

அவருக்குப் பின்னால் வரிசையில் மூன்று பேர் நின்றார்கள். ஒருவர் மணிக்கூட்டைப் பார்த்தார். எனக்குச் சனிக்கிழமை ஷிப்ட் இருந்தது, யாரிடமாவது மாற்றிக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்பது எனக்குப் பிடிக்காத வேலை.

“போவம்” என்றேன்.